ஒரே மூலம், இணையத்துக்கும் அச்சுக்கும்: படங்களை எந்த வடிவத்தில் வைக்கிறீர்கள்?

சுவடிப்பெட்டி

வணக்கம். ஒரு மென்பொருளின் பயனர் கையேட்டைப் பராமரிக்கிறேன். மூலம் முழுக்க மார்க்டவுன் (எளிய குறிகளுள்ள வெற்றுரை). பேண்டாக் என்ற ஆவண மாற்றி வழியாக ஒரு பக்கம் எச்டிஎம்எல் வருகிறது, இன்னொரு பக்கம் ஸீலேடெக் (லேடெக் என்ற அச்சுக்கோப்புக் கருவியின் ஒரு வகை) மூலம் பிடிஎஃப் வருகிறது. ஏறத்தாழ அறுபது படங்கள். பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட், பதினைந்து விளக்கப்படங்கள், கருவியைக் காட்டும் சில புகைப்படங்கள்.

இணையப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று போன வருடம் எல்லாவற்றையும் வெப்பி என்ற இணையப் பட வடிவத்துக்கு மாற்றினோம். பக்கம் வேகமானது. பிடிஎஃப் நின்றுவிட்டது, லேடெக்குக்கு அந்த நீட்டிப்பே தெரியவில்லை. சரி என்று எல்லா வெப்பியையும் மொத்தமாகப் பிஎன்ஜி ஆக்கினேன். பில்ட் ஓடியது, ஆனால் கோப்பு 92 எம்பி. அச்சிட்டுப் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்தைச் சுற்றி அழுக்கு. எஸ்விஜி (பிக்சலாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் வடிவம்) விளக்கப்படங்களில் பெட்டியும் அம்பும் இருக்கின்றன, உள்ளே எழுத்து மட்டும் காணோம். ஒரு புகைப்படம் படுத்துக் கிடக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

நள்ளிரவுநிரல்

எல்லாவற்றையும் தரம் 85 ஜேபெக் ஆக்குங்கள். இணையமும் திறக்கும், லேடெக்கும் திறக்கும், அளவும் சின்னது. பத்து வரி ஸ்கிரிப்ட். ஒரு கையேட்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

அச்சுக்கோப்பன்

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஜேபெக் 1992இல் புகைப்படத்துக்காக வந்த தரம். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்கும். வெள்ளையில் கறுப்பு எழுத்து மாதிரி திடீர் விளிம்பு வந்தால் அந்தக் கட்டத்துக்குள் அலை அலையாகக் கறை படியும். திரையில் கண்டுபிடிக்க மாட்டீர்கள், தாளில் முதல் பார்வையிலேயே தெரியும். நீங்கள் பார்த்த 'அழுக்கு' அதன் உறவுதான். உங்கள் வெப்பி இழப்புள்ள வகையாக இருந்திருக்கும். அதைப் பிஎன்ஜி ஆக்கினால் கறையும் பத்திரமாகச் சேர்ந்தே வரும், போன விவரம் திரும்பாது.

92 எம்பி ஏன் என்றால், பிடிஎஃப் கோப்புக்குள் படத்தை எப்படி வைக்கலாம் என்பதற்கு ஒரு சிறிய பட்டியல்தான் உண்டு. ஜேபெக் தரவை அப்படியே தூக்கி வைக்கலாம். ஜேபெக் 2000 உண்டு. கறுப்பு வெள்ளைக்கென்று ஃபேக்ஸ் காலத்துச் சுருக்கலும் ஜேபிக் 2ம் உண்டு. மற்றபடி பிஎன்ஜி பயன்படுத்தும் அதே டிஃப்ளேட் சுருக்கல். வெப்பியும், இன்னொரு இணையப் பட வடிவமான ஏவிஐஎஃப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எந்தக் கருவியில் வெப்பியைக் கொடுத்தாலும் அது படத்தை விரித்து வேறு வகையில்தான் உள்ளே வைக்க வேண்டும். உங்கள் புகைப்படங்கள் பிஎன்ஜி ஆனதும் டிஃப்ளேட்டுக்குப் போய்விட்டன. புகைப்படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கூட ஒன்றுபோல் இருக்காது, அதை அதிகம் சுருக்க டிஃப்ளேட்டால் முடியாது. அறுபதில் எடையைக் கூட்டுவது அந்தச் சில புகைப்படங்கள்தான் என்பது என் ஊகம், பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு சின்னக் கணக்கு: ஒளிபுகும் அடுக்கு (ஆல்ஃபா) இல்லாத, இன்டர்லேஸ் (படிப்படியாகத் தெளியும்படி சேமித்தல்) செய்யாத சாதாரணப் பிஎன்ஜியைப் பிடிஎஃப்டெக் (லேடெக்கை ஓட்டும் இன்னொரு இயந்திரம்) விரிக்காமல் அப்படியே நகலெடுக்கும். ஆல்ஃபா இருந்தால் நிறம் தனி, மறைப்பு தனி என்று பிரித்து மறுபடி சுருக்க வேண்டியிருக்கும். பில்ட் மெதுவாக இருந்தால் அங்கே பாருங்கள்.

படுத்துக் கிடக்கும் புகைப்படம் கேமரா செய்த வேலை. சென்சார் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டு, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் தகவலில் ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். உலாவி அந்தக் குறிப்பை மதிக்கும், லேடெக் மதிக்காது. மூலக் கோப்பையே ஒருமுறை நிஜமாகத் திருப்பிச் சேமித்துவிடுங்கள். ஜேபெக்ட்ரான் கருவி தரம் குறையாமல் திருப்பித் தரும்.

முதல் வேலை, அசல் கோப்புகள் இருக்கின்றனவா என்று தேடுவது.

சுவடிப்பெட்டி

> அறுபதில் எடையைக் கூட்டுவது அந்தச் சில புகைப்படங்கள்தான்

சரியாகச் சொன்னீர்கள். ஒன்பது புகைப்படங்கள் சேர்ந்து 70 எம்பிக்கு மேல். கேமரா ஜேபெக் அசல் ஒன்பதும் பழைய வட்டில் கிடைத்தன. ஸ்கிரீன்ஷாட்டில் பாதிக்குத்தான் அசல் பிஎன்ஜி இருக்கிறது, மீதி போயே போச்சு.

இன்னொரு குழப்பம். அச்சகத்தில் '300 டிபிஐ இல்லாத படம் வேண்டாம்' என்றார்கள். எங்கள் குழுவில் ஒருவர் பட எடிட்டரில் 72 என்று இருந்ததை 300 என்று மாற்றிச் சேமித்துக் கொடுத்தார். இப்போது சரியா?

அச்சுக்கோப்பன்

இல்லை. சட்டையில் 'எக்ஸ்எல்' என்று லேபிள் தைத்ததால் சட்டை பெரிதாகாது.

கோப்பில் இருப்பது பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான். டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்பது ஓரத்தில் எழுதிய ஒரு குறிப்பு. பிஎன்ஜியில் அது மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று பதிவாகிறது, 300 டிபிஐ என்றால் 11811. தாளில் எவ்வளவு அகலத்தில் வைக்கிறீர்கள் என்பதுதான் நிஜக் கணக்கு. 1280 பிக்சல் அகல ஸ்கிரீன்ஷாட்டை 5 அங்குலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 256. பரவாயில்லை, ஓடும். அதே அகலத்தில் 600 பிக்சல் படத்தை வைத்தால் 120, லேபிளில் 300 என்றிருந்தாலும் 120தான். 800 பிக்சல் படத்தை உண்மையாகவே 300இல் அச்சிட்டால் 7 செ.மீ. கூட வராது.

ஆனால் லேபிளால் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் அகலம் சொல்லாவிட்டால் லேடெக் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் படத்தின் இயல்பு அளவைத் தீர்மானிக்கும். குறிப்பு இல்லையென்றால் பிடிஎஃப்டெக் 72 என்று எடுத்துக்கொள்ளும். மேக் கணினியின் ரெட்டினா திரையில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் 144 என்று குறித்துக்கொண்டு வரும். ஒரே பொத்தானின் படம் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் அளவு, அடுத்த பக்கத்தில் உள்ளங்கை அளவு என்று வருவது இதனால்தான். மார்க்டவுனிலேயே படத்துக்குப் பின் அகலத்தைச் சதவீதத்தில் எழுதிவிடுங்கள். பேண்டாக் அதை இரண்டு வெளியீட்டிலும் மதிக்கும்.

அசல் போன ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பெரிதாக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மறுபடி எடுங்கள். எடுக்கும்போது திரையின் அளவை 200 சதவீதத்தில் வைத்து எடுங்கள். மென்பொருளின் பழைய பதிப்பு என்பதால் எடுக்கவே முடியாது, ஆனால் சுத்தமான சின்னப் பிஎன்ஜி இருக்கிறது என்றால், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில், பக்கத்துப் பிக்சலை அப்படியே நகலெடுக்கும் முறையில் பெரிதாக்குங்கள். மென்மையாக்கும் முறை எழுத்தைக் குழைத்துவிடும்.

வளையக்கோடு

விளக்கப்படத்தில் எழுத்து காணாமல் போன விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு இரண்டு வாரம் போயிருக்கிறது.

ஒரு எஸ்விஜியை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து 'ஃபாரின்ஆப்ஜெக்ட்' என்று தேடுங்கள். டிராடாட்ஐஓ, மெர்மெய்ட் போன்ற கருவிகள் பெட்டிக்குள் வரும் எழுத்தை எஸ்விஜியின் சொந்த எழுத்துக் குறியில் எழுதாமல், உள்ளே ஒரு துண்டு எச்டிஎம்எல் வைத்துவிடும். உலாவிக்கு எச்டிஎம்எல் தெரியும், காட்டிவிடும். பேண்டாக் பிடிஎஃப் உருவாக்கும்போது எஸ்விஜியை மாற்றக் கூப்பிடுவது ஆர்எஸ்விஜி-கன்வெர்ட்டை. அது உலாவி இல்லையே, எச்டிஎம்எல்லைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. பெட்டி வரும், எழுத்து வராது.

மெர்மெய்டில் எச்டிஎம்எல் லேபிள் என்ற அமைப்பை அணைக்கலாம். டிராடாட்ஐஓவில் எழுத்தின் பண்புகளில் 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்', 'வேர்டு ராப்' இரண்டையும் எடுத்துவிட்டு ஏற்றுமதி செய்யலாம், அல்லது அங்கிருந்தே நேராகப் பிடிஎஃப் எடுத்துவிடலாம்.

சுவடிப்பெட்டி

அதேதான்! பதினைந்தில் பதினொன்றில் ஃபாரின்ஆப்ஜெக்ட். மாற்றி எடுத்தேன், எழுத்து வந்தது. ஆனால் என் கணினியில் நன்றாக வருவது பில்ட் சர்வரில் கட்டம் கட்டமாக வருகிறது. இணையத்திலும் ஒரு விசித்திரம்: பக்கத்துக்கு நாங்கள் போட்டிருக்கும் எழுத்துரு படத்துக்குள் மட்டும் வேலை செய்யவில்லை.

வளையக்கோடு

கட்டம் என்றால் சர்வரில் எழுத்துரு இல்லை. எஸ்விஜி எழுத்துருவின் பெயரை மட்டும்தான் தூக்கிக்கொண்டு போகிறது. திறக்கும் இடத்தில் அந்தப் பெயரில் ஒன்று இருக்க வேண்டும். சர்வரில் நிறுவினால் தீர்ந்தது.

இணையத்தில் காரணம் வேறு. இமேஜ் குறியில் அழைக்கும் எஸ்விஜி ஒரு மூடிய அறை. வெளியிலிருந்து எதையும் இறக்காது, பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸும் (தோற்ற விதிகள்) உள்ளே நுழையாது. எழுத்துருவைப் படத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கலாம், அல்லது எஸ்விஜியைப் பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே நேரடியாக எழுதலாம், அல்லது எழுத்தை வளைகோடுகளாக மாற்றிவிடலாம். மூன்றாவது எங்கும் உடையாது. ஆனால் அப்புறம் அந்த எழுத்தைத் தேட முடியாது, திரைவாசிப்பானுக்கும் அது வெறும் கோடு. மாற்றினால் மாற்று உரையை உருப்படியாக எழுதுங்கள். நான் செய்வது: மூல எஸ்விஜியில் எழுத்து எழுத்தாகவே இருக்கும், வளைகோடாக்கிய பிரதியை பில்ட் உருவாக்கும்.

தமிழ் லேபிள் இருந்தால் ஒன்று கூடுதலாக. ஆர்எஸ்விஜி பாங்கோ என்ற நிரல் நூலகம் வழியாக எழுத்தைக் கோக்கிறது, அதனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தத்தம் இடத்தில் நிற்கும். எல்லாக் கருவியும் அப்படி இல்லை. சிலவற்றில் 'கொ' என்று எழுதினால் 'க'வுக்குப் பின்னால் கொம்பும் காலும் ஊர்வலம் போகும். முதல் படத்திலேயே இதைச் சோதித்துவிட்டு அப்புறம் மீதியைத் தொடுங்கள்.

நள்ளிரவுநிரல்

படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. விளக்கப்படத்தை இரண்டு மடங்கு பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்தால் எழுத்துரு, ஃபாரின்ஆப்ஜெக்ட், கொம்பு எதுவும் பிரச்சினை இல்லையே? எஸ்விஜி மீது எதற்கு இவ்வளவு பக்தி?

அச்சுக்கோப்பன்

திரைக்கு உங்கள் வழி போதும், மறுக்கவில்லை. தாளில் மெல்லிய கோடு வேறு கதை. பிஎன்ஜியில் சாய்ந்த கோட்டின் விளிம்பு சாம்பல் பிக்சல்களால் ஆனது. அச்சு இயந்திரத்திடம் சாம்பல் மை இல்லை, அதைப் புள்ளிகளாக உடைத்துத்தான் போடும். பக்கத்து வரியில் உள்ள எழுத்து கத்தி மாதிரி இருக்கும், படத்தில் உள்ள எழுத்து பஞ்சு மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்தை ஸ்கேன் செய்து கொடுப்பவர்களிடம் 1200 டிபிஐ வரை கேட்பது இதற்காகத்தான். எஸ்விஜி போல வெக்டராக, அதாவது கோடாகவே போனால் இந்தப் பேச்சே இல்லை.

வளையக்கோடு

நான் பக்தன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நள்ளிரவு சொல்வது ஓரிடத்தில் சரி. இரண்டு லட்சம் புள்ளிகள் கொண்ட சிதறல் வரைபடத்தை எஸ்விஜியாக வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனி உருப்படி. உலாவி திணறும், பிடிஎஃப்பில் அந்தப் பக்கம் வந்ததும் கணினி பெருமூச்சு விடும். அங்கே புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, எக்ஸ், ஒய் கோடுகளையும் எழுத்தையும் வெக்டராக விடலாம். மேட்பிளாட்லிப் போன்ற வரைபடக் கருவிகளில் அதற்கு வசதி உண்டு.

குறிச்சொல்

எல்லாரும் கோப்பு வடிவத்தைப் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. சுவடிப்பெட்டியின் மார்க்டவுனில் அறுபது இடத்தில் 'டாட் வெப்பி' என்று எழுதியிருக்கிறது. சிக்கலின் வேர் அங்கேதான். 'இந்த இடத்தில் உள்நுழைவுத் திரையின் படம்' என்று சொல்வது ஆவணத்தின் வேலை. அது எந்தப் பெட்டியில் வருகிறது என்பதை வெளியீட்டுக் கட்டம் சொல்லட்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறொரு வடிவம் வரும், மறுபடி அறுபது இடத்தில் திருத்துவீர்கள்.

கையேடுகள் எழுதும் குறிமொழியான டாக்புக் எக்ஸ்எம்எல்லில் இது பழைய சமாச்சாரம். ஒரு மீடியாஆப்ஜெக்டுக்குள் பல இமேஜ்ஆப்ஜெக்ட் வைக்கலாம், ஒன்றுக்கு 'எச்டிஎம்எல்' என்றும் இன்னொன்றுக்கு 'எஃப்ஓ' (அச்சு வெளியீடு) என்றும் ரோல் கொடுக்கலாம். ஸ்டைல்ஷீட் தனக்குரியதை எடுத்துக்கொள்ளும். கூடவே டெக்ஸ்ட்ஆப்ஜெக்டில் மாற்று உரை. எழுதத்தான் கை வலிக்கும்.

பேண்டாக்கில் நீட்டிப்பே இல்லாமல் படத்தின் பெயரை மட்டும் எழுதி, 'டிஃபால்ட்-இமேஜ்-எக்ஸ்டென்ஷன்' என்ற ஆப்ஷனில் எச்டிஎம்எல்லுக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று என்று கொடுக்கலாம். இரண்டு குறை. ஒன்று, உங்கள் படங்கள் ஒரே வகை இல்லை, பிடிஎஃப்புக்குச் சிலது பிஎன்ஜி, சிலது ஜேபெக், சிலது வெக்டர். இரண்டு, எடிட்டரின் முன்னோட்டத்தில் படம் எதுவும் தெரியாது, உடைந்த சின்னம்தான்.

அதனால் நான் ஒரு லுவா ஃபில்டர் (பேண்டாக் மாற்றும்போது நடுவில் ஓடும் சிறு நிரல்) வைத்திருக்கிறேன். மார்க்டவுனில் அசல் கோப்பின் பெயரே இருக்கும், முன்னோட்டமும் வேலை செய்யும். வெளியீடு எச்டிஎம்எல் என்றால் ஃபில்டர் பாதையை 'இணையம்' கோப்புறைக்கும், லேடெக் என்றால் 'அச்சு' கோப்புறைக்கும் திருப்பி, நீட்டிப்பையும் மாற்றும். இருபது வரிகூட இல்லை. கோப்புறையைப் பிரிப்பது முக்கியம். லேடெக்கில் நீட்டிப்பு இல்லாமல் கேட்டால் அது பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக் என்று தன் வரிசையில் தேடி முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். ஒரே பெயரில் இரண்டு ஒரே இடத்தில் கிடந்தால், நீங்கள் திருத்தியது ஒன்று, அச்சானது இன்னொன்று.

ஒரு எச்சரிக்கை: பேண்டாக்கிடம் பிடிஎஃப் கேட்காமல் லேடெக் கோப்பை மட்டும் கேட்டால் அது எஸ்விஜியை மாற்றித் தராது, 'இன்க்லூட்எஸ்விஜி' கட்டளையை எழுதிவிட்டுப் போய்விடும். அதற்கு எஸ்விஜி தொகுப்பும் இங்க்ஸ்கேப்பும் வேண்டும். நீங்களே முன்கூட்டி மாற்றி வைத்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

சுவடிப்பெட்டி

ஃபில்டர் யோசனை பிடித்திருக்கிறது. அப்படியென்றால் இணையத்துக்கு வெப்பியே தொடரலாமா?

குறிச்சொல்

தாராளமாக. மேக்ஃபைலில் (எதிலிருந்து எதை உருவாக்குவது என்று சொல்லும் கோப்பு) இரண்டு விதி: அசலிலிருந்து வெப்பி, அசலிலிருந்து அச்சுப் பிரதி. அசல் மாறினால் மட்டும் மறுபடி ஓடும். உருவானதை கிட் களஞ்சியத்தில் சேர்க்காதீர்கள், அசல் மட்டும் போதும்.

நள்ளிரவுநிரல்

இணையப் பக்கம் என் ஏரியா, இங்கே கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்கு இழப்பற்ற வெப்பி. இழப்புள்ள வெப்பி நிறத் தகவலைப் பாதி நீளம் பாதி அகலத்தில்தான் வைத்துக்கொள்ளும், அதைத் தவிர்க்க வழியில்லை. சாம்பல் பின்னணியில் சிவப்பு எழுத்து எப்படிக் குழைகிறது என்று பார்த்தால் புரியும். புகைப்படத்துக்கு இழப்புள்ளது போதும். ஏவிஐஎஃப் இன்னும் சின்னது, பிக்சர் குறியில் முதலில் அதை, அடுத்து வெப்பியை, கடைசியில் ஜேபெக்கை வைத்தால் உலாவி தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும். இமேஜ் குறியில் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் குதிக்கும்.

இபப் (மின்நூல் வடிவம்) வெளியிடும் எண்ணம் இருந்தால்: வெப்பி 2023இல் வந்த இபப் 3.3இல்தான் அடிப்படை வடிவங்களுக்குள் சேர்ந்தது. பழைய வாசிப்புக் கருவிகளுக்கு ஜேபெக், பிஎன்ஜிதான் நிம்மதி. ஏவிஐஎஃப் அந்தப் பட்டியலில் இல்லை.

(முதல் பதிலில் எல்லாம் ஜேபெக் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தூக்கக் கலக்கம்.)

அச்சுக்கோப்பன்

திரும்பப் பெற்றதற்கு நன்றி. நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அச்சகத்திலிருந்து அடுத்த தொலைபேசி அதற்குத்தான் வரும்.

அச்சகம் பிடிஎஃப்-எக்ஸ் (அச்சுக்கான பிடிஎஃப் தரம்) எந்த வகை கேட்கிறது என்று முதலில் விசாரியுங்கள். எக்ஸ்-1ஏ என்றால் ஆர்ஜிபி (திரையின் நிறமுறை) நிறமும் கூடாது, ஒளிபுகும் பகுதியும் கூடாது. ஆல்ஃபா உள்ள பிஎன்ஜிகளை எல்லாம் வெள்ளைப் பின்னணியில் தட்டையாக்கிக் கொடுக்க வேண்டும். எக்ஸ்-4 என்றால் இரண்டும் ஓடும், நிற விவரம் சேர்த்த ஆர்ஜிபி புகைப்படத்தை அப்படியே கொடுத்து மாற்றத்தை அவர்களிடமே விடலாம். பிஎன்ஜிக்குச் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறமுறை) வைக்கத் தெரியாது, தேடி அலையாதீர்கள். சிஎம்ஒய்கே ஜேபெக் தயார் செய்தால் அது 'அச்சு' கோப்புறையை விட்டு வெளியே வரக் கூடாது. தவறி இணையத்துக்குப் போனால் நிறம் கன்னாபின்னா என்று தெரியலாம்.

விளக்கப்படத்தில் உள்ள கறுப்பையும் கவனியுங்கள். எஸ்விஜியின் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு. மாற்றும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். நான்கு தட்டுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சின்ன எழுத்துக்கு நிற நிழல் விழும். விளக்கப்படம் கறுப்பு மட்டும் என்றால் சாம்பல் நிறவெளியில் மாற்றிக் கொடுங்கள், ஒரே மையில் அச்சாகும்.

வளையக்கோடு

ஒளிபுகும் படத்துக்கு இணையத்திலும் ஒரு பொறி உண்டு. கறுப்புக் கோடு, பின்னணி இல்லாத எஸ்விஜி. படிப்பவர் இருண்ட தோற்றத்துக்கு மாறினால் கறுப்பில் கறுப்பு. படத்துக்குப் பின்னால் வெள்ளைச் செவ்வகம் ஒன்று வைத்துவிடுவது என் வழக்கம். அழகில்லை, ஆனால் யாரும் புகார் சொன்னதில்லை.

குறிச்சொல்

அசையும் ஜிஃப் ஏதாவது இருக்கிறதா? லேடெக் அதை எடுக்காது. எந்தச் சட்டகம் தாளில் வர வேண்டும் என்று நீங்களே பொறுக்கிப் பிஎன்ஜியாக 'அச்சு' கோப்புறையில் வையுங்கள். கருவி தானாக எடுத்தால் முதல் சட்டகத்தை எடுக்கும், அது பெரும்பாலும் காலித் திரை.

அப்படியே உரையையும் ஒருமுறை புரட்டுங்கள். உள்பக்கம் கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது என்றால் 'சிவப்புப் பொத்தானை அழுத்தவும்' என்ற வரியை என்ன செய்வது?

சுவடிப்பெட்டி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஃபில்டர் எழுதிவிட்டேன். பிடிஎஃப் 92 எம்பியிலிருந்து 14க்கு வந்தது. புகைப்படங்களின் அசல் ஜேபெக்கைத் திரும்ப வைத்ததிலேயே பெரும்பகுதி குறைந்துவிட்டது. அசல் போன ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டைத் தவிர எல்லாம் 200 சதவீதத்தில் மறுபடி எடுத்தாயிற்று. அந்த இரண்டும் இப்போது இல்லாத திரைகள், பத்தியோடு சேர்த்து நீக்கினேன். அச்சகம் எக்ஸ்-4 போதும் என்றது, பெருமூச்சு விட்டேன். விளக்கப்படங்களைச் சாம்பலாக மாற்றியதில் ஒன்று மட்டும் வம்பு செய்தது: பச்சை அம்பும் சிவப்பு அம்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. ஒன்றை இடைவெளி விட்டு வரும் கோடாக மாற்றினேன்.

உள்பக்கம் கறுப்பு வெள்ளைதான். 'சிவப்பு' என்று தேடினேன், பதினேழு இடம். பதினாறில் பொத்தானின் பெயரையே எழுதிவிட்டேன். பதினேழாவது 'சிவப்பு விளக்கு எரிந்தால் கருவியை உடனே அணைக்கவும்'. அது கருவியின் விளக்கைச் சொல்கிறது, படத்தை அல்ல. அதை விட்டுவிட்டேன்.

குறிச்சொல்

அந்த இருபது வரி ஃபில்டரை இங்கே ஒட்டிவிடுங்களேன், அடுத்து வருபவருக்கு உதவும்.

சுவடிப்பெட்டி

ஐம்பத்திரண்டு வரி ஆகிவிட்டது. சுத்தம் செய்துவிட்டு ஒட்டுகிறேன்.